விண்கப்பலில் ஒரு மல்லாட்டை மில்

1

இங்கிலாந்துக்கு வந்து எட்டு வருஷம் முடிந்த அன்றைக்குப் பாயசம் வைக்கலாம் என்று இருந்தேன். வைக்கவில்லை. அன்று மத்தியானம் என் சாப்பாட்டு மேசைமேல் நான் கட்டிய கப்பல் கிடந்தது. அதன் அட்டையில் வேறொருவன் பெயர் அச்சாகியிருந்தது.

சனிக்கிழமை. என் மகள் கீதாவும் அவளுடைய பள்ளித் தோழர்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கீதாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் பெயரை இங்கே யாருக்கும் சொல்ல வராது. பள்ளியில் 'கீட்டா' ஆகிவிட்டாள். இப்போது அவளே தொலைபேசியில் தன்னைக் கீட்டா என்றுதான் சொல்லிக்கொள்கிறாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். இதற்குக் கட்டம் போட்ட அட்டை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். "கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று கதை சொல்பவர் கேட்பார். "கம்பியால் நெம்புகிறேன்" என்று ஆடுபவர் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்துக் கதவு திறக்கும், அல்லது காவலாளி விழித்துக்கொள்வான். கதையின் சாமான்கள் எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தில் இருக்கும். வரைபடம், ஆட்கள், ஆபத்துகள், எடுக்க வேண்டிய பொருள். அன்றைக்குக் கீதாதான் கதை சொல்பவள். விண்வெளியில் போகிற ஒரு கப்பலுக்குள் புகுந்து திருட வேண்டும். கடையில் புதிதாக வந்த புத்தகமாம்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கீதா ஆங்கிலத்தில் வாசித்தாள். "கப்பலின் பின்பக்கத்தில் தோல் ஊதும் குழாய் ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் குனிந்து நுழையலாம்."

"விண்கப்பலில் என்ன தோல்? யார் ஊதுகிறார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேசைக்குப் போனேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். அது மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். கீழ்பென்னாத்தூரில் என் அப்பா மேஸ்திரியாக இருந்த மில்லில், மல்லாட்டையை உடைத்ததும் தோலை ஒரு விசிறி ஊதும். தோல் ஒரு தகரக் குழாய் வழியாகப் பின்னாலிருந்த அறையில் போய்க் குவியும். அந்தக் குழாயைக் கப்பலில் வைத்தவள் நான். எழுபத்தொன்பதில், திருவண்ணாமலையில், ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் வரைந்தேன்.

புத்தகத்தைக் கீதாவின் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அம்மா, ப்ளீஸ். நாங்க ஆடிட்டு இருக்கோம்" என்றாள் அவள், தோழர்களைப் பார்த்துக்கொண்டே.

அட்டையில் டெரிக்கின் பெயர் இருந்தது. முழுப் பெயர், பெரிய எழுத்தில்.

2

என் வீட்டுக்காரர் எழுபத்தேழில் இங்கே எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்தார். நானும் இரண்டு வயதுக் கீதாவும் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், மாமியார் வீட்டில் தங்கினோம். ஆறு மாதத்தில் விசா வந்துவிடும் என்றார்கள். மூன்று வருஷம் ஆனது.

விசா ஆபீசில் ஓர் அதிகாரி என்னிடம் கேட்ட கேள்வி இது: "உங்கள் மாமியார் வீட்டில் எத்தனை ஜன்னல்?" நான் நாலு என்றேன். இதே கேள்வியை இங்கே என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சமையலறை வென்டிலேட்டரையும் சேர்த்து ஐந்து என்று சொல்லிவிட்டார். ஆக, நாங்கள் புருஷன் பெண்டாட்டி இல்லை. ஃபைல் திரும்பிப் போய்விட்டது. தாலி கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் ஒரு வென்டிலேட்டர் முன்னால் பொய்யாகப் போனது. அந்த அதிகாரியின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கோபப்படக்கூட இல்லை. கொட்டாவி விட்டார்.

மாமியார் மாடி அறையை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். அப்படி வந்தவன்தான் டெரிக். இங்கிலாந்துக்காரன், இருபத்தெட்டு வயது இருக்கும். அமைதி தேடி வந்ததாகச் சொன்னான். இரண்டு வாரத்தில் அமைதி அவனுக்குச் சலித்துவிட்டது. பெட்டியிலிருந்து பகடைகளையும் தட்டச்சு செய்த விதித்தாள்களையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தான். பொழுது போகாமல் கிடந்த எனக்கும் பத்மாவுக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தான்.

பத்மா பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வயதுதான். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கும் ஜைனக் குடும்பம் அவளுடையது. பொழுது சாய்ந்தபிறகு சாப்பிட மாட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஆரம்பித்து, வெளிச்சம் இறங்குவதற்குள் ஆட்டத்தை முடித்துவிடுவோம். நடுக்கூடத்தில், வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவோம். அப்படியும் தெரு சும்மா இருக்கவில்லை.

"புருசன் அங்க இருக்கான், இவ இங்க வெள்ளக்காரன்கூட பகடை உருட்டறா" என்று எதிர்வீட்டம்மா குழாயடியில் சொன்னது என் காதுக்கு வந்தது.

மாமியார் வாசலுக்கே போய் நின்று குரல் கொடுத்தார். "என் வூட்டு நடுக்கூடத்துல ஆடறாங்க, கதவு தொறந்துதான் கெடக்குது. பாக்கறவங்க உள்ள வந்து பாருங்க!" அதற்குப்பின் பேச்சு கம்மியானது.

அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்குகிற சமயம், ஊரே கொல்லைக்காட்டில் இருந்தபோது, பத்மாவின் கிராமத்துக் கோயிலில் பூட்டை உடைத்து ஒரு சிலையை எடுத்துப் போய்விட்டார்கள். வெண்கலப் பார்சுவநாதர். ஒரு சாண் உயரம். தலைக்குமேல் ஏழுதலைப் பாம்பு குடை பிடித்திருக்கும். ஏழில் ஒரு தலையின் முனை உடைந்திருக்கும். பத்மாவின் அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அபிஷேகத்துக்கு எடுத்துப்போய்க் கீழே போட்டு உடைத்தது அது. தினமும் அந்த உடைந்த முனையைத் தொட்டுக் கும்பிடுவாராம்.

புகார் கொடுக்கப் போனால், "சின்ன சிலைதானேம்மா, வேற செஞ்சி வெச்சிக்கறது" என்றார்களாம். பத்மாவின் அப்பா வீட்டுக்கு வந்து, சிலை திரும்பி வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் எடுத்தார். அவருக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது.

"இன்னேரம் எந்தக் கப்பல்ல ஏத்தி எங்க அனுப்பிட்டாங்களோ சரோ" என்றாள் பத்மா ஒரு நாள். அழவில்லை. துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். கை மட்டும் பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தது.

கப்பல் அங்கேதான் எனக்குக் கிடைத்தது.

மூன்று மாதம் உட்கார்ந்து கட்டினேன். பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு மாவாட்டிக்கொண்டிருந்த மூளைக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறில்லை. ஒரு பணக்காரச் சேகரிப்பாளனின் விண்கப்பல். ஊர் ஊராக இறங்கிக் கோயில்களைக் கொள்ளையடித்துக்கொண்டு போகிறது. உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்த பெரிய யந்திரம் அப்பாவின் மில் ஒன்றுதான். அதையே வைத்தேன். மூட்டை இறக்கும் மேடை, உடைக்கிற யந்திரம், விசிறி, தோல் குழாய். பெல்ட் மாற்றுவதற்கு விசிறியை மூன்று நிமிஷம் நிறுத்துவார்கள். அந்த மூன்று நிமிஷத்தில் குழாய்க்குள் ஆள் போய்விடலாம். சின்ன வயதில் நானே போயிருக்கிறேன், அப்பாவிடம் உதையும் வாங்கியிருக்கிறேன்.

கதை சொல்பவளாக நான் உட்கார்ந்தேன். பத்மாவும் டெரிக்கும் ஆடினார்கள். டெரிக்கின் பகடைகளைக் கீதா கிணற்றில் போட்டுவிட்டதால், மாமியாரின் பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டினோம். நாலு ஞாயிற்றுக்கிழமைகள். கடைசி வாரம் பத்மா பெட்டக அறையின் கதவு முன்னால் நின்றாள். காவலாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். தாயம் விழுந்தால்தான் திறக்கும் என்றேன்.

தாயம் விழுந்தது.

"தொறந்துடுச்சி. உள்ள இருக்காரு. இன்னா பண்ற பத்மா?" என்றேன்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். மேசைக்குமேல், ஒன்றுமில்லாத இடத்தில், கையைக் குழித்துப் பிடித்தாள். அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எடுத்துட்டேன் சரோ. அந்த ஒடஞ்ச மொனை கைல படுது" என்றாள். பிறகுதான் அழுதாள். மாமியார் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

டெரிக் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரன் என் கதையை எழுதிக்கொள்கிறான் என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது. படியெடுத்துவிட்டுத் தருகிறேன் என்று காலண்டர் தாள்களைக் கேட்டான். கொடுத்தேன். அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

3

கீதாவின் தோழர்கள் போனபிறகு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன்.

குழாய் இருந்தது. மேடை இருந்தது. 'நீளமான கீழ்நாட்டுப் பகடைகளை' உருட்டச் சொல்லி விதியும் இருந்தது. இதையெல்லாம் திருடியிருந்தால்கூட, திருட்டு என்று சொல்லிவிட்டு அடங்கியிருப்பேனோ என்னவோ.

அவன் கதையைத் திருப்பிப் போட்டிருந்தான்.

அவன் புத்தகத்தில் சேகரிப்பாளன் நல்லவன். ஆடுபவர்கள் அவனிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கப்பல் யாத்ரீகர்களுடையது. அவர்கள் பச்சைத்தோல் மனிதர்கள். ஏழுதலைப் பாம்புச் சாமி ஒன்றை வைத்துக் கும்பிடும் மூடர்கள். அவர்களிடமிருந்து அந்தச் சாமியைத் திருடிச் சேகரிப்பாளனிடம் கொடுத்தால் வெற்றி. சாமியின் ஒரு தலை முனை உடைந்திருக்கும், அதை வைத்து அசலைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு குறிப்பு. இன்னொரு குறிப்பு என் கண்ணை எரித்தது. 'இந்த மக்கள் விளக்கு அணைந்தபின் உண்ணமாட்டார்கள். எனவே விடிவதற்குச் சற்றுமுன் தாக்குவது நல்லது. பசியில் சோர்ந்திருப்பார்கள்.'

பத்மா பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று அவசர அவசரமாகக் கிளம்பிப் போவதை நாலு வாரம் பார்த்தவன் எழுதியது இது. அவள் கையால் சுட்ட தோசையைத் தின்றவன் எழுதியது.

கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தான். நண்பர்கள், அண்ணன், பூனை. பூனைக்குப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, 'இந்தியாவில் காபி கொடுத்தவர்களுக்கும்.'

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "விடு சரோ. நாலு காலண்டர் பேப்பரு. அதுக்குப் போயி இவ்ளோ டென்ஷனா?" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

4

பதிப்பகத்துக்கு எழுதினேன். எங்கள் ஊரில் கேள்வி இருந்தால் டவுட் என்போம். அதே பழக்கத்தில், 'உங்கள் புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒரு டவுட் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டேன். இங்கே அந்தச் சொல்லுக்கு அவநம்பிக்கை என்று பொருள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. 'எங்கள் நூலை நீங்கள் நம்பாதது வருத்தமளிக்கிறது.' கீதா அதை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டக் காட்டிட்டு அனுப்பியிருக்கலாம்ல?" என்றாள்.

உண்மைதான். ஆனால் அப்போது அது எனக்கு உண்மையாகத் தெரியவில்லை. "உங்கிட்ட இங்கிலீஷ் கத்துக்கணும்னு எனக்குத் தலயெழுத்து" என்று கத்தினேன். அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது கடிதத்தில் எல்லாவற்றையும், பத்மாவின் அப்பா எடுத்த விரதம் உட்பட, விவரமாக எழுதி, கீதாவிடம் காட்டிவிட்டு அனுப்பினேன். இந்தமுறை பதில் மரியாதையாக இருந்தது. மூலத்தாள்கள் என்னிடம் இருக்கின்றனவா? தேதியிட்ட சாட்சியம்? நான்தான் எழுதினேன் என்பதை உறுதிசெய்யும் ஆவணம்? ஜன்னல் எத்தனை என்று கேட்ட அதே கொட்டாவி. மூலத்தாள் திருடியவனிடமே இருக்கும்போது, பறிகொடுத்தவளிடம் மூலத்தாள் கேட்கிறார்கள். வேண்டுமானால் அடுத்த அச்சில் 'இந்தியத் தோழி ஒருவருக்கு நன்றி' என்று சேர்க்க ஆசிரியரைக் கேட்டுப் பார்ப்பார்களாம். ஒருவர். தோழி. பெயர்கூட வேண்டாம்போலிருக்கிறது.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டி வைத்தேன். இந்த நாட்டில் காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்கிற அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருந்தது.

5

பக்கத்து நகரத்தில் இந்த ஆட்டங்களை விற்கும் கடை ஒன்று இருக்கிறது. டெரிக்கே அங்கே வந்து ஒரு சனிக்கிழமை தன் கதையை ஆட்டிவைக்கப் போகிறான் என்று கீதாதான் விளம்பரத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே, "நீ வரக்கூடாது" என்றாள்.

"நான் போறேன். நீ வந்தா வா" என்றேன்.

பேருந்தில் இருவரும் தனித்தனி இருக்கையில் போனோம்.

சேலைமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் மேசையில் உட்கார்ந்தேன். மற்ற மூன்று பேரும் இருபது வயசுப் பையன்கள். கீதா புத்தக அலமாரிப் பக்கம், என் மகள் இல்லை என்பதுபோல நின்றாள். டெரிக் வந்தான். தலை வழுக்கை, வயிறு போட்டிருந்தது. என்னைப் பார்த்துப் புன்னகை செய்தான். அடையாளம் தெரியவில்லை.

"முதல் தடவை ஆடுகிறீர்களா?"

"இல்லை" என்றேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு பையன் முன்வாசலை வெடிவைத்துத் திறக்கலாம் என்றான். இன்னொருவன் காவலாளிக்கு மயக்கமருந்து கொடுக்கலாம் என்றான். என் முறை வந்தது.

"பின்பக்கம் தோல் குழாய் இருக்கிறது. விசிறி நிற்கும்வரை காத்திருக்கிறேன்" என்றேன்.

"விசிறி நிற்காது" என்றான் டெரிக் சிரித்துக்கொண்டே.

"நிற்கும். பெல்ட் மாற்றுவதற்கு மூன்று நிமிஷம் நிறுத்துவார்கள்."

"அது புத்தகத்தில் இல்லையே."

"காலண்டர் தாளில் இருக்கிறது. நீ படியெடுக்க மறந்திருப்பாய்."

அவன் கையிலிருந்த பகடை மேசையில் விழுந்தது. என் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தான். "சரோ?" என்றான்.

"இவள் சேகரிப்பாளனுக்கு வேலை செய்கிறவள் இல்லை" என்று என் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். "கப்பலே அவனுடையதுதான். அதில் இருக்கும் சாமி இவளுடைய ஊர்க் கோயிலிலிருந்து போனது. திரும்ப எடுத்துப்போக வந்திருக்கிறாள்."

ஒரு பையன் நிமிர்ந்தான். "அப்படி ஆடலாமா? இதைவிட நன்றாக இருக்கிறதே!"

"இடைவேளையில் பேசலாம் சரோ, தனியாக" என்றான் டெரிக்.

"இங்கேயே பேசு. அன்றைக்கு மேசையில் நம்மோடு இன்னொருத்தி இருந்தாள். அவள் பெயர் என்ன?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அதுதான் கொடுமை. "உன் சிநேகிதி… பள்ளிக்கூட டீச்சர்…"

"பெயர்?"

அவனுக்குத் தெரியவில்லை.

"பத்மா" என்றேன். "பூனை பெயரை அச்சில் போட்டாய். பத்மா. அவள் கையை நீட்டி அழுததை நோட்டில் எழுதினாயே, அந்தப் பக்கத்தை என்ன செய்தாய்?"

குரல் உயர்ந்துவிட்டது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டெரிக்கின் கழுத்து சிவந்தது.

"நான் நிறைய மாற்றினேன். முதலில் உன் மாதிரியேதான் எழுதினேன், சத்தியமாக. பதிப்பாளர் மறுத்துவிட்டார். பறிகொடுத்தவனாக ஆட யாரும் புத்தகம் வாங்க மாட்டார்கள், திருடனாக ஆடத்தான் வாங்குவார்கள் என்றார். இது வெறும் விளையாட்டு சரோ."

"அவளுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதே பையன் கேட்டான். "மன்னிக்க வேண்டும், அப்படி ஒரு சிலை நிஜமாகவே இருந்ததா?"

"இருந்தது. எட்டொன்பது வருஷமாகக் காணவில்லை."

அவன் தன்முன்னால் இருந்த புத்தகத்தை மூடி டெரிக் பக்கம் தள்ளினான். மற்ற இருவரும் அசையவில்லை. டெரிக் பகடைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். நான் ஜெயித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பேருந்தில் கீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எல்லாரும் பாத்தாங்கம்மா" என்றாள்.

"பாக்கட்டும்! நல்லா பாக்கட்டும்!" என்று தமிழில் கத்தினேன். பேருந்தும் பார்த்தது.

மூன்று நாள் அவள் பேசவில்லை. நாலாம் நாள் நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த பத்மா ஆன்ட்டி அப்பா… இப்ப ரெண்டு வேளை சாப்பிடறாரா?"

தேய்க்கிற கட்டை என் கையில் அப்படியே நின்றது. எனக்குத் தெரியாது. ஊரைவிட்டு வந்தபின் பத்மாவுக்குப் பொங்கல் வாழ்த்தட்டை அனுப்பியிருக்கிறேன். கீதா பள்ளியில் வாங்கிய பரிசைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த ஊர்ப் பனியைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறேன். அவள் அப்பா சாப்பிடுகிறாரா என்று ஒரு வரி கேட்டதில்லை. டெரிக்குக்கு அவள் பெயர் மறந்துவிட்டது. எனக்குப் பெயர் மட்டும்தான் நினைவிருந்தது.

6

அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் பத்மாவுக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. கணக்கு டீச்சரின் உருண்டைக் கையெழுத்து. அதிலிருந்து கொஞ்சம் அப்படியே தருகிறேன்.

'சரோ, அப்பா போய் நாலு வருஷம் ஆவுது. கடைசி நாள் வரைக்கும் ஒரு வேளைதான். டாக்டர் சொல்லியும் கேக்கலை. உனக்கு எழுதலாம்னு நெனைச்சேன், அவ்ளோ தூரத்துல இருக்கறவளுக்கு எதுக்கு வருத்தம்னு விட்டுட்டேன்.

அந்த ஆளு புஸ்தகத்துல என் பேரு வந்தா இன்னா, வராட்டி இன்னா? நீ அதுக்காக அவங்கிட்ட சண்டை போட்டது சந்தோசம்தான். ஆனா நான் கேக்கறது வேற. இங்க இருந்து போற சிலையெல்லாம் உங்க ஊர்ப் பக்கம்தான் கண்ணாடிப் பெட்டியில வெக்கறாங்கன்னு சொல்றாங்க. எட்டு வருஷமா அங்கதான இருக்க. ஒரு நாளாச்சும் போயிப் பாத்தியா?'

கூடவே ஒரு தாள் இருந்தது. பத்மாவின் அப்பா இறப்பதற்குமுன் நினைவிலிருந்து அளவெடுத்ததுபோல வரைந்தது. பாம்பின் ஏழு தலைகள். இடமிருந்து இரண்டாவது தலை, முனை இல்லாமல்.

ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. என் கப்பல் போனதற்கு அத்தனை கடிதம் எழுதினேன்.

இப்போது சனிக்கிழமைகளில் போகிறோம். பழம்பொருள் கடைகள், ஏல அறைகள், அருங்காட்சியகங்கள். கீதாவை நான் கூப்பிடவில்லை, அவளே கோட்டை மாட்டிக்கொண்டு வருகிறாள். பத்மா அனுப்பிய தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள்தான் வைத்திருக்கிறாள். நம்ம சாமிகள் எத்தனை பேர் இங்கே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று ஊரில் உங்களுக்குத் தெரிந்தால் சோறு இறங்காது. பார்சுவநாதர் இதுவரை கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு கடை. அலமாரியில் ஒரு சாண் உயரத்தில் வெண்கல அம்மன் ஒன்று, மூக்கு தேய்ந்து, நிறையப் பேர் தொட்டுத் தொட்டு மழுங்கிய பாதங்களோடு. கடைக்காரர் கோட்டும் டையுமாக இருந்தார். நான் விலை கேட்கப் போகிறேன் என்று என்னைப் பார்த்தார். கேட்டது கீதா. அவர் பேசுகிற அதே இங்கிலீஷில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கேட்டாள்.

"இது எங்கிருந்து வந்தது?"

"இந்தியா."

"இந்தியாவில் எங்கே?"

"தெற்கே."

"தெற்கே எந்த ஊர்? எந்தக் கோயில்?"

"தனியார் சேகரிப்பு, அம்மணி."

"அந்தத் தனியாரின் பெயர்? அவருக்கு யார் விற்றார்கள்? தாள் இருக்கிறதா?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "வாங்கப்போகிறீர்களா, இல்லையா?"

கீதா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஆட்டத்துக்கு வைத்திருந்த நோட்டுதான். அவர் எதிரிலேயே நின்று, கடையின் பெயரையும் சிலையின் உயரத்தையும் அன்றைய தேதியையும் எழுதினாள். அவருடைய பெயரையும் கேட்டாள். அவர் சொல்லவில்லை. மேசையிலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டாள். நான் எங்கே கத்திவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என்னைவிட அவளுக்குக் கோபம் ஜாஸ்தி என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய கோபம் கத்தவில்லை.

நோட்டை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கடைக்காரருக்குப் புரியக் கூடாது என்பதற்காக இல்லை, அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே உரக்கத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இது பத்மா ஆன்ட்டியோடது இல்ல. ஆனா யாரோடதோ. யாரோ அங்க சாப்பிடாம இருக்காங்க."